குக் கவுண்டி வாக்குச்சீட்டில் நீதிபதிகள் பகுதியை எப்படி வாசிப்பது?

கேள்வி இதுதான். இல்லினாய் மாநிலத்தில், சிகாகோவும் அதன் புறநகர்களும் அடங்கிய குக் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி) ஷாம்பர்க்கில் இருப்பவர், சென்ற வருடம் குடியுரிமை வாங்கியவர், முதல் தடவையாக மாதிரி வாக்குச்சீட்டை எடுத்துப் பார்த்திருக்கிறார். ஆளுநர், செனட்டர் வரைக்கும் புரிகிறது, அதற்குப் பிறகு வரும் நீதிபதிகள் பட்டியலில் ஒன்றும் விளங்கவில்லை. சப்சர்க்யூட் என்றால் என்ன, வேட்பாளர் பெயர்களுக்கு மேலே இன்னொரு நீதிபதியின் பெயர் ஏன் இருக்கிறது, அரோராவில் இருக்கும் நண்பரின் சீட்டு ஏன் முழுக்க வேறாக இருக்கிறது, யாரையும் தெரியாவிட்டால் காலியாக விட்டுவிடலாமா என்று கேட்கிறார். நம் ஊர்க்காரர்கள் பலர் இந்த இடத்தில்தான் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இந்தியாவிலிருந்து வந்த நமக்கு நீதிபதியைத் தேர்தலில் தேர்ந்தெடுப்பது என்பதே புதிது. அங்கே சிவில் நீதிபதி பரீட்சை எழுதி வருகிறார், உயர்நீதிமன்ற நீதிபதியைக் கொலீஜியம் பரிந்துரைக்கிறது, நம்மை யாரும் கேட்பதில்லை. அமெரிக்காவிலும் மத்திய நீதிமன்ற நீதிபதிகளை அதிபர் நியமிக்கிறார், செனட் ஒப்புதல் தருகிறது. ஆனால் மாநில நீதிமன்றங்களுக்கு ஒவ்வொரு மாநிலமும் ஒரு வழி வைத்திருக்கிறது, இல்லினாயின் வழி 1970-ஆம் வருட மாநில அரசியலமைப்பின் ஆறாவது பிரிவில் இருக்கிறது. அதன்படி இங்கே மூன்று அடுக்கு. கீழே சர்க்யூட் கோர்ட், பதவிக்காலம் 6 வருடம். நடுவில் அப்பெலேட் கோர்ட் என்ற மேல்முறையீட்டு நீதிமன்றம், மேலே மாநில உச்சநீதிமன்றம், இரண்டுக்கும் 10 வருடம். மூன்றுக்கும் நாம்தான் ஓட்டுப் போடுகிறோம்.

சீட்டை வாசிக்கும்போது பெயர்களை விட்டுவிட்டு முதலில் தலைப்பை வாசியுங்கள். எந்த நீதிமன்றம், எந்தப் பகுதி, எந்த நாற்காலி, இது போட்டியா அல்லது ஆம்-இல்லை கேள்வியா என்பது எல்லாமே தலைப்பில்தான் இருக்கிறது. நான் பார்த்தவரை குழப்பம் முழுவதும் நேராகப் பெயருக்குப் போவதால் வருவது.

முதலில் பகுதி. உச்சநீதிமன்றத்துக்காக மாநிலம் ஐந்து ஜுடிஷியல் டிஸ்ட்ரிக்ட்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. மொத்தம் 7 நீதிபதிகள். குக் கவுண்டி முழுவதும் சேர்ந்து முதல் டிஸ்ட்ரிக்ட், அதற்கு மட்டும் 3 இடம், மற்ற நான்குக்கும் தலா ஒன்று. அப்பெலேட் கோர்ட்டுக்கும் இதே ஐந்து பகுதிகள்தான். சர்க்யூட் கோர்ட்டுக்கு வந்தால் கணக்கு வேறு. அதன் பகுதிக்குப் பெயர் சர்க்யூட். குக் கவுண்டி ஒன்றே ஒரு தனி சர்க்யூட், சுமார் 400 நீதிபதிகள் வேலை பார்க்கும் பெரிய அமைப்பு. அதற்குள் சில இடங்களுக்குக் கவுண்டி முழுவதும் ஓட்டுப் போடும், சீட்டில் கவுண்டிவைட் என்று பார்ப்பது இவைதான். மீதி இடங்களுக்கு சப்சர்க்யூட் என்ற சிறு பகுதிக்குள் இருப்பவர்கள் மட்டும் போடுவார்கள். ஒரே நீதிமன்றம், ஒரே பதவி, ஒரே சம்பளம், ஆனால் உள்ளே வர இரண்டு கதவு.

ஏன் இந்த இரண்டாவது கதவு? கவுண்டி முழுவதற்கும் தேர்தல் நடந்த காலத்தில் சிகாகோ டெமாக்ரடிக் கட்சியின் பட்டியலில் இடம் கிடைத்தவர்தான் நீதிபதி என்ற நிலை. கறுப்பினத்தவர், லத்தீனோக்கள், புறநகர் ரிபப்ளிகன்கள் எல்லோருக்கும் இடம் கிடைப்பது கஷ்டமாக இருந்தது. 1980-களில் மத்திய அரசு நடத்திய ஆபரேஷன் கிரேலார்டு விசாரணையில் குக் கவுண்டி நீதிபதிகள் 17 பேர் மீது லஞ்சக் குற்றச்சாட்டு வந்து 15 பேர் தண்டிக்கப்பட்டது வேறு, இந்த நீதிமன்றத்தின் பெயரையே கெடுத்துவைத்திருந்தது. பிறகு சப்சர்க்யூட் ஏற்பாடு வந்து 1992-ல் முதல் தேர்தல் நடந்தது. அப்போது 15. 2022-ல் வந்த சட்டம் அதை 20 ஆக்கி எல்லைகளையும் மாற்றி வரைந்தது. அதனால் உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் பழைய ஞாபகத்தில் "நாம் இத்தனையாவது சப்சர்க்யூட்" என்று சொன்னால் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, கோர்ட்டுக்குப் போய்வந்தவர்களுக்குத்தான் இந்தக் குழப்பம் அதிகம். டிராஃபிக் டிக்கெட்டுக்காக ரோலிங் மெடோஸ் கோர்ட்டுக்குப் போயிருப்பீர்கள், அங்கே மூன்றாவது முனிசிபல் டிஸ்ட்ரிக்ட் என்று எழுதியிருக்கும். அது நிர்வாக வசதிக்காகப் பிரித்தது. டவுன்டவுன் டேலி சென்டர், ஸ்கோக்கி, ரோலிங் மெடோஸ், மேவுட், பிரிட்ஜ்வியூ, மார்க்கம் என்று ஆறு. இதற்கும் நீங்கள் ஓட்டுப் போடும் பகுதிக்கும் சம்பந்தமே இல்லை. உங்கள் சப்சர்க்யூட்டில் ஜெயித்தவர் உங்கள் ஊர் கோர்ட்டில் உட்கார வேண்டும் என்றும் இல்லை. அவரை மார்க்கமுக்கு அனுப்புவதா, விவாகரத்து வழக்குகளுக்குப் போடுவதா, கிரிமினல் வழக்குகளுக்கா என்பதைத் தலைமை நீதிபதி முடிவு செய்கிறார். வேட்பாளராக நிற்கும்போது அந்த சப்சர்க்யூட்டில் வசிப்பவராக இருக்க வேண்டும் என்பதுதான் அரசியலமைப்பு கேட்பது. "நம் ஏரியாக்காரர், நம் கஷ்டம் தெரிந்தவர்" என்று துண்டறிக்கை வந்தால் அதற்கு எவ்வளவு மதிப்பு கொடுக்கலாம் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். என்னைக் கேட்டால் குறைவாகத்தான் கொடுப்பேன்.

அரோரா நண்பர் விஷயம் இதைவிடச் சுவாரசியம். அரோரா என்பது ஒரே ஊர்தான், ஆனால் அது கேன், டுபேஜ், வில், கெண்டால் என்று நான்கு கவுண்டிகளில் பரவிக்கிடக்கிறது. கேன் கவுண்டி என்றால் 16-வது சர்க்யூட், டுபேஜ் 18-வது, வில் 12-வது, கெண்டால் என்றால் டிகால்ப் கவுண்டியோடு சேர்ந்து 23-வது. அதாவது பாலாஜி கோயிலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும் நான்கு அரோராக்காரர்களுக்கு நான்கு வெவ்வேறு சர்க்யூட் இருக்கலாம். உச்சநீதிமன்றப் பகுதியும் மாறும். 2021-ல் எல்லைகளைத் திருத்தியபோது கேனும் கெண்டாலும் இரண்டாவது டிஸ்ட்ரிக்ட்டில் நின்றன, டுபேஜும் வில்லும் மூன்றாவதில். 1964-க்குப் பிறகு அந்த எல்லைகளைத் தொட்டதே அப்போதுதான். அதன் விளைவாக 2022 நவம்பரில் டுபேஜ்காரர்கள், அதற்கு முன் தங்கள் சீட்டில் வந்தே இருக்காத ஒரு இடத்துக்கு மேரி கே ஓ'பிரையனா மைக்கேல் பர்க்கா என்று ஓட்டுப் போட்டார்கள். ஓ'பிரையன் ஜெயித்தார். குக் எல்லையிலும் இப்படி ஊர்கள் உண்டு. பார்ட்லெட் மூன்று கவுண்டிகளில் இருக்கிறது, ஹானோவர் பார்க் குக்கிலும் டுபேஜிலும். ஊர்ப் பெயரை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், வீட்டு முகவரியைக் கொடுத்து மாதிரிச் சீட்டை எடுங்கள். சிகாகோ நகரத்துக்குள் இருந்தால் சிகாகோ தேர்தல் ஆணையத்தின் தளம், குக் புறநகர் என்றால் கவுண்டி கிளார்க் தளம், மற்ற கவுண்டிகளுக்கு அவரவர் கிளார்க்.

அப்புறம், சீட்டில் கிளார்க் ஆஃப் தி சர்க்யூட் கோர்ட் என்று ஒரு பதவி வரும். அவர் நீதிபதி கிடையாது. கோர்ட்டின் கோப்புகள், கட்டணம், ஆவணங்கள் எல்லாம் அவர் பொறுப்பு. தேர்தலை நடத்தும் கவுண்டி கிளார்க் வேறு ஆள். ஸ்டேட்ஸ் அட்டர்னியும் நீதிபதி இல்லை, வழக்குத் தொடுக்கும் தரப்பு.

இப்போது நாற்காலி. தலைப்பில் "இன்னாருடைய காலியிடத்தை நிரப்ப" என்று ஒரு பெயர் இருக்கும், உங்கள் கேள்வியில் இருந்த அந்தப் பெயர். அவர் வேட்பாளர் இல்லை. ஓய்வு பெற்றவர், இறந்தவர், அல்லது மேல் கோர்ட்டுக்குப் போனவர். ஒரே நேரத்தில் பல நாற்காலி காலியாகும்போது, எது எதற்கு யார் போட்டியிடுகிறார் என்று பிரித்துக் காட்ட போன நீதிபதியின் பெயரையே அடையாளமாக வைக்கிறார்கள். ஒரே சப்சர்க்யூட்டில் மூன்று காலியிடம் இருந்தால் மூன்று தனித்தனிப் போட்டி, ஒவ்வொன்றிலும் ஒருவரைத்தான் தேர்ந்தெடுக்கலாம். முதல் பெட்டியில் இருப்பவருக்கும் இரண்டாவது பெட்டியில் இருப்பவருக்கும் இடையே போட்டியே இல்லை.

காலியான உடனே தேர்தல் வராது, இடைக்காலத்துக்கு மாநில உச்சநீதிமன்றம் ஒருவரை நியமிக்கும். அவர் அடுத்த தேர்தல் சுழற்சி வரை உட்காருவார், பிறகு அதே இடத்துக்கு நிற்கலாம். நல்ல உதாரணம் ஜாய் கன்னிங்ஹாம். உச்சநீதிமன்ற நீதிபதி ஆன் பர்க் 2022 நவம்பர் கடைசியில் ஓய்வு பெற்றார், அந்த இடத்துக்குக் கன்னிங்ஹாம் நியமிக்கப்பட்டார், 2024 மார்ச் பிரைமரியில், அதாவது கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல்கட்டத் தேர்தலில், அப்பெலேட் நீதிபதி ஜெஸ்ஸி ரேயஸை எதிர்த்து நின்று ஜெயித்தார். அப்போது தலைப்பில் இருந்தது பர்க்கின் பெயர். பிரச்சினை என்னவென்றால் யார் ஏற்கனவே அந்த நாற்காலியில் இருக்கிறார் என்பதைச் சீட்டு சொல்லாது, பெயருக்கு முன்னால் நீதிபதி என்ற பட்டமும் போட விடமாட்டார்கள். தெரிந்துகொண்டு போக வேண்டியது நம் வேலை. இன்னொன்று, மற்ற பதவிகளில் இடையில் காலியானால் மீதிக் காலத்துக்கு மட்டும் தேர்ந்தெடுப்போம், நீதிபதி விஷயத்தில் அப்படி இல்லை, ஜெயித்தவருக்கு முழுப் பதவிக்காலமும் கிடைக்கும்.

தேதியைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். குக் கவுண்டியில் பெரும்பாலான நீதிபதி இடங்கள் மார்ச் மாதப் பிரைமரியிலேயே முடிந்துவிடுகின்றன. டெமாக்ரடிக் பிரைமரியில் நாலைந்து பேர் மோதுவார்கள், நவம்பர் வரும்போது எதிர்த்து நிற்க ஆளே இருக்காது. கன்னிங்ஹாமின் இடமும் அப்படித்தான் ஆனது. நவம்பரில் மட்டும் ஓட்டுப் போடுகிறவர் ஒற்றைப் பெயருக்கு எதிரே வட்டத்தை நிரப்பிவிட்டு வருகிறார், தேர்வு என்று எதுவும் அங்கே மிச்சமில்லை. இல்லினாயில் கட்சியில் பதிவு செய்துகொள்ளத் தேவையில்லை, பிரைமரி அன்று எந்தக் கட்சியின் சீட்டு வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொள்ளலாம். நம்மவர்கள் பலர் "நான் எந்தக் கட்சியும் இல்லை, எனக்கெதற்குப் பிரைமரி" என்று விட்டுவிடுகிறார்கள், நீதிபதிகளைப் பொறுத்தவரை அது ஓட்டையே விட்டுவிடுவதுதான்.

சரி, நவம்பர் சீட்டில் அப்படியென்றால் அத்தனை நீளமாக வருவது என்ன? அதுதான் ரிடென்ஷன். ஒரு தடவை போட்டியில் ஜெயித்த நீதிபதி, காலம் முடியும்போது மறுபடி யாரோடும் போட்டியிட வேண்டாம். கட்சிப் பெயர் இல்லாமல் "இவர் பதவியில் தொடர வேண்டுமா" என்று ஒரே கேள்வி, ஆம், இல்லை. குக் கவுண்டியில் ஒவ்வொரு இரட்டைப்படை வருட நவம்பரிலும் இப்படி ஐம்பது, அறுபது பேர், சில சமயம் அதற்கும் மேல், சீட்டின் கடைசியில் வரிசையாக நிற்பார்கள். இங்கே பகுதிக் கணக்கும் மாறிவிடுகிறது. சப்சர்க்யூட்டில் தேர்வானவர் என்றாலும் ரிடென்ஷனுக்கு சர்க்யூட் முழுவதும் ஓட்டுப் போடும். நீங்கள் இதுவரை பார்த்தே இராத, உங்கள் பகுதியில் நிற்காத நீதிபதிகள் அத்தனை பேரும் உங்கள் சீட்டில் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

தொடர வேண்டுமென்றால் பாதிக்கு மேல் போதாது, அந்தக் கேள்விக்கு ஓட்டுப் போட்டவர்களில் ஐந்தில் மூன்று பங்கு, அதாவது 60 சதவீதம் ஆம் சொல்ல வேண்டும். இதைக் கொஞ்சம் கணக்காகப் பாருங்கள். ஆயிரம் பேர் சீட்டை வாங்கி, அதில் 300 பேர் ஒரு நீதிபதியின் கேள்வியைக் காலியாக விட்டுவிட்டால், அந்த 300-ம் கணக்கிலேயே வராது. மீதி 700-ல் 420 ஆம் வந்தால் அவர் தொடர்கிறார், 281 பேர் இல்லை சொல்லிவிட்டால் போய்விடுகிறார். காலியாக விடுவது "இல்லை" ஆகாது. காலியாக விடலாமா என்று கேட்டீர்கள், விடலாம், மீதிச் சீட்டு செல்லாமல் போகாது, ஒன்றிரண்டில் விட்டால் ஒரு தவறும் இல்லை. ஆனால் நீங்கள் விடும் ஒவ்வொரு இடத்திலும் போட்டவர்களின் ஓட்டுக்குக் கனம் கூடுகிறது, அதிலும் ஒரு "இல்லை"யை ஈடுகட்ட ஒன்றரை "ஆம்" தேவைப்படும் கேள்வி இது.

60 என்பது சும்மா ஏட்டில் இருக்கும் எண் இல்லை. 2020-ல் உச்சநீதிமன்ற நீதிபதி தாமஸ் கில்பிரைட் மூன்றாவது டிஸ்ட்ரிக்ட்டில் ரிடென்ஷனுக்கு நின்றார். பாதிக்கு மேல், சுமார் 56 சதவீதம் பேர், தொடரட்டும் என்றார்கள். இருந்தும் பதவி போயிற்று, மாநில உச்சநீதிமன்ற நீதிபதி ஒருவர் ரிடென்ஷனில் தோற்றது அதுவே முதல் தடவை. குக் கவுண்டியில் 2018-ல் மேத்யூ காக்லன் இப்படி வெளியேறினார், அங்கே 28 வருடத்தில் நடந்த முதல் தோல்வி. 28 வருடம் என்பதையும் கவனியுங்கள். அத்தனை காலமும் எல்லா நீதிபதிகளும் சிறப்பாக இருந்தார்கள் என்று நான் நம்பவில்லை, யாரும் சீட்டின் அந்தப் பக்கத்தைச் சரியாகப் பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். கோபத்தில் எல்லோருக்கும் "இல்லை" போடுகிறவர்களும் உண்டு, அது எனக்குச் சம்மதமில்லை. நல்ல நீதிபதியையும் மோசமானவரையும் ஒரே தட்டில் வைத்தால் ரிடென்ஷன் என்ற ஏற்பாட்டுக்கே அர்த்தம் இல்லாமல் போய்விடும்.

யாரை எப்படித் தெரிந்துகொள்வது? பெயரை வைத்து மட்டும் வேண்டாம். குக் கவுண்டியில் ஐரிஷ் பெயர், அதுவும் பெண் பெயர் என்றால் ஓட்டு விழும் என்பது வக்கீல்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதற்காகப் பெயரையே மாற்றிக்கொண்டு நின்றவர்கள் இருக்கிறார்கள். மனு தாக்கலுக்கு முந்திய மூன்று வருடத்துக்குள் பெயர் மாற்றியிருந்தால் பழைய பெயரையும் சீட்டில் போட வேண்டும் என்று 2007-ல் சட்டம் கொண்டுவந்ததே இதனால்தான். அப்படியும் ஒருவர் 2010-ல் வில் கவுண்டியில் தோற்று, 2012-ல் ஐரிஷ் பெயராக மாற்றி, 2018-ல் குக் கவுண்டியில் ஜெயித்தார். மூன்று வருடம் தாண்டிவிட்டதால் சீட்டில் பழைய பெயர் வரவில்லை.

உருப்படியான வழி வக்கீல் சங்கங்களின் மதிப்பீடு. சிகாகோ பார் அசோசியேஷன் தனியாக விசாரித்துத் தரம் சொல்கிறது. அலையன்ஸ் ஆஃப் பார் அசோசியேஷன்ஸ் என்ற கூட்டணியில் பல சங்கங்கள் சேர்ந்து ஒவ்வொன்றும் தன் முடிவைச் சொல்கின்றன, எல்லாவற்றையும் ஒரே அட்டவணையாகப் போடுவார்கள். அந்த அட்டவணையை எடுத்து, எல்லோரும் தகுதி என்று சொன்னவர்களைத் தாண்டிப் போய்விட்டு, கருத்து பிரிந்திருக்கும் பெயர்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அறுபது பேர் பட்டியல் சட்டென்று குறைந்துவிடும். அந்தச் சிலரைப் பற்றி இன்ஜஸ்டிஸ் வாட்ச் என்ற செய்தி நிறுவனத்தின் நீதிபதிகள் கையேட்டில் படியுங்கள், யார் எந்தத் தீர்ப்பால் சர்ச்சையில் சிக்கினார், யார் முன்பு அரசு வக்கீலாக இருந்தார் என்பதெல்லாம் அதில் கிடைக்கும். ஒன்று கவனம், "பரிந்துரைக்கவில்லை" என்று வந்தால் காரணத்தையும் பாருங்கள். மதிப்பீட்டுக்கே வராதவருக்கும் அதே முத்திரைதான் விழும். என்னைப் பொறுத்தவரை கேள்விக்கு வர மறுப்பதே ஒரு பதில்தான், ஆனால் திறமை இல்லை என்று சொல்வதும் அதுவும் ஒன்றல்ல.

இத்தனை மெனக்கெட வேண்டுமா என்று வீட்டில் கேட்பார்கள். வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லும் வழக்கு, விவாகரத்தில் குழந்தை யாரிடம், கார் விபத்தில் அடிபட்டவரின் நஷ்டஈடு வழக்கு, எல்லாம் இந்த சர்க்யூட் நீதிபதிகள் கையில்தான். 2023 செப்டம்பர் 18 முதல் இல்லினாயில் ஜாமீனுக்குப் பணம் கட்டும் முறையே ஒழிந்துவிட்டது, கைதானவரை உள்ளே வைப்பதா வெளியே விடுவதா என்பதை நீதிபதிதான் கேட்டு முடிவு செய்கிறார். நாம் ஓட்டே போடாத அசோசியேட் நீதிபதிகளை 4 வருடத்துக்குத் தேர்ந்தெடுப்பதும் இந்த சர்க்யூட் நீதிபதிகளே, தலைமை நீதிபதியைத் தேர்ந்தெடுப்பதும் அவர்களே.

போகும்போது குறிப்பெழுதிய தாளைக் கையோடு கொண்டுபோகலாம், அதில் தப்பே இல்லை, திரும்பி வரும்போது எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். நிரப்பிய சீட்டைப் போட்டோ எடுத்துப் போடாதீர்கள், இல்லினாயில் சட்டச் சிக்கல் வரும். தபால் ஓட்டுக்குக் காரணம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை, நீதிபதிகள் பட்டியலைப் பொறுமையாகப் பார்க்க அதுவே வசதி. குக் கவுண்டியில் ஹிந்தியில் சீட்டு கிடைக்கும், தமிழில் இல்லை. உங்கள் பெற்றோர் குடியுரிமை பெற்றவர்களாக இருந்து ஆங்கிலம் வாசிக்கக் கஷ்டப்பட்டால், உதவிக்கு அவர்கள் விரும்பும் ஒருவரைக் கூட அழைத்துப் போக மத்திய சட்டமே அனுமதிக்கிறது, முதலாளியோ அவர் ஆளோ, யூனியன் பிரதிநிதியோ மட்டும் கூடாது. வாசித்துக் காட்டுங்கள், முடிவை அவர்களிடம் விடுங்கள். கிரீன் கார்டில் இருக்கும் சொந்தக்காரர்களிடம் மட்டும் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள். லைசென்ஸ் எடுக்கப் போன இடத்தில் வாக்காளர் பதிவுத் தாளை நீட்டினால் கையெழுத்துப் போட வேண்டாம். குடியுரிமை இல்லாமல் பதிவு செய்தாலோ ஓட்டுப் போட்டாலோ நாடு கடத்தும் வரைக்கும் போகும்.